பாசி ஏரியில் டாப்வாட்டர்: அடிக்கிறது, மாட்டவில்லை

தண்ணீர்மேல் 'டமார்' என்று ஒரு வெடிப்பு. கை தானாக ராடை, அதாவது தூண்டில் கோலை, பின்னால் இழுக்கிறது. மீன் இல்லை, லூர் என்ற செயற்கை இரை மட்டும் பறந்து வந்து தொப்பியில் மோதுகிறது. டாப்வாட்டர், அதாவது நீர்ப்பரப்பின் மேலேயே ஓடும் லூர், பழகுகிற எல்லோரும் இதைக் கடந்துதான் வந்திருப்போம். எனக்கு இன்னும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கிறது.

ஆழம் குறைந்த, பாசி மண்டிய ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரிய வாய் வேட்டை மீனைப் பிடிக்கும்போது வரும் கோளாறுகளைக் கண்ணில் படும் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் ஒரு வார்த்தை. லூரை மாற்றுவதற்கு முன்னால் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, பாருங்கள். தொய்வு இருக்க வேண்டிய நேரத்தில் விறைப்பு, விறைப்பாக இருக்க வேண்டிய நேரத்தில் தொய்வு: கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். பெட்டி நிறைய லூர் வாங்கிக் குவித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அடி விழுகிறது, மீன் மாட்டவில்லை

இந்தப் பகுதி நீளம். காரணம் ஒன்றல்ல, நாலைந்து.

பாஸ் எப்படித் தின்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது வாயைப் படக்கென்று அகலத் திறக்கும். தண்ணீர் உள்ளே பாயும். அந்தத் தண்ணீரோடு இரையும் போகும். பெரும்பாலும் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. நரம்பு விறைப்பாக இருந்தால் லூர் அந்த உறிஞ்சலோடு உள்ளே போகாமல் உதட்டருகே நின்றுவிடும். தண்ணீர்மேல் பரவிய பாசி மெத்தையில் கிடக்கும் தவளை லூர் (தவளை வடிவ ரப்பர் லூர்) என்றால் இன்னும் சிக்கல். கீழிருந்து உறிஞ்சினால் முதலில் வாய்க்குள் போவது பாசிதான். அதனால் மீன் பாசியோடு சேர்த்து முட்டித் தூக்கும். வெடிப்பு பெரிதாக இருக்கும், வாய்க்குள் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, மீனின் பார்வை. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், கீழே இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். மீன் 60 செ.மீ. ஆழத்தில் நின்றால் அந்த வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 135 செ.மீ. 30 செ.மீ. ஆழத்தில் நின்றால் 70 செ.மீ. கூட இல்லை. அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஏரித் தரையைத்தான் காட்டும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் மீன் பெரும்பாலும் சத்தத்தையும் அதிர்வையும் குறிவைத்துத்தான் வருகிறது. லூர் முழுசாகக் கண்ணில் படுவது கடைசி நேரத்தில்தான். அந்த நேரம் பார்த்து நீங்கள் லூரை ஒரு முழம் நகர்த்திவிட்டால் அது வெறும் தண்ணீரைத்தான் அடிக்கும். ஆகவே ஆழம் குறையக் குறைய வேகத்தைக் குறையுங்கள். பாசியில் ஓட்டையைக் கண்டால் லூரை அங்கே நிறுத்துங்கள்.

இப்போது கை. சத்தத்துக்கு இழுக்காதீர்கள், கனத்துக்கு இழுங்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று தெரியும். ஒன், டூ எண்ணச் சொல்வார்கள். வெடிப்பு கேட்டதும் எனக்கு எண்ணிக்கையே மறந்துவிடும். நான் செய்வது வேறு: வெடித்த இடத்தில் லூர் இன்னும் தெரிகிறதா என்று கண்ணால் தேடுவேன். தெரிந்தால் மீன் எடுக்கவில்லை, அசையாமல் நிற்பேன். தெரியவில்லை என்றால் ராட் நுனியை இன்னும் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தட்டியதும் ஓங்கி இழுப்பேன். இப்படித் தேடுவதற்கு ஆகும் நேரமே போதுமான நேரம். பழையதை மறக்க ஒரு சீசன் ஆனது எனக்கு.

கை சரியாகி, பிறகும் தப்பிக்கிறது என்றால் தூண்டில் முள்ளைப் பாருங்கள். தவளை லூரின் இரட்டை முள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். பாசியில் சிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ஆனால் புது லூர்களில் அது அளவுக்கு மீறி ஒட்டியிருக்கும். குறடால் பிடித்து இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாக ஒரு நூல் அளவு விரித்துவிடுங்கள். அதற்கு மேல் விரித்தால் மீனுக்குப் பதில் பாசி மாட்டும். பிறகு உடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். லேசான அழுத்தத்திலேயே உடல் சப்பையாகி முள் வெளியே வர வேண்டும். ரப்பர் பந்து மாதிரி எதிர்த்தால் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, எடுத்து, நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மீனின் தாடை அழுத்தும்போது அமுங்காத தவளை, முள்ளைக் கடைசிவரை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

காலாகத் தொங்கும் ரப்பர் இழைகளும் ஒரு காரணம். மீன் காலைப் பிடித்துக்கொண்டு லூரை விட்டுவிடும். பாதிக்கு வெட்டுங்கள், அழகு போகும், பரவாயில்லை.

இதெல்லாம் தவளைக்கு. பாப்பர் (குழிந்த வாயால் தண்ணீரைத் துப்பும் லூர்), ஸ்பூக் (சுருட்டு வடிவ லூர்) மாதிரி மூன்று முனை முள் தொங்கும் லூர்களுக்குக் கதை தலைகீழ். அந்த மெல்லிய முனைகளுக்கு ஓங்கி இழுப்பு ஆகாது. சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தொய்வைச் சுற்றி, ராடைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும். தவளை போடும் விறைப்பான ராடிலேயே பாப்பரையும் போட்டு 'பாதி வழியில் கழன்றுவிடுகிறது' என்று புலம்புகிறவர்கள் நிறைய. வளைந்து கொடுக்கும் நடுத்தர ராடுக்கு மாறினால் அந்தப் புலம்பல் பெரும்பாலும் நின்றுவிடும்.

தவறவிட்ட மீனை என்ன செய்வது? லூரை இழுத்து வந்துவிடாதீர்கள். அங்கேயே விடுங்கள், ஒரு சின்னச் சிலிர்ப்புக் கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் தயாராக வைத்திருக்கும் இரண்டாவது ராடை எடுத்து, எடை கட்டாத மென்பிளாஸ்டிக் புழு ஒன்றை அதே ஓட்டைக்குள் மெதுவாக இறங்க விடுங்கள். இப்போதுதான் கோபமாக அடித்த மீன் அது, எங்கும் போயிருக்காது.

ஒரு விதிவிலக்கு. முட்டையிடும் பருவத்தில் கூட்டைக் காக்கும் ஆண் மீன் பசிக்கு அடிப்பதில்லை, விரட்ட அடிக்கிறது. லூரை மூக்கால் தள்ளும், வாயில் வாங்காது. அதை விட்டுவிடுங்கள். கூட்டிலிருந்து அதை இழுத்தெடுத்தால் முட்டைகளை மற்ற மீன்கள் நிமிஷத்தில் காலி செய்துவிடும். சில பகுதிகளில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடையே உண்டு.

சின்னச் சின்னக் கொத்தல், லூர் ஆடுகிறது, வேறொன்றும் இல்லை

பாஸ் இல்லை. புளூகில் போன்ற சின்ன மீன்கள் தவளையின் காலைக் கடித்து விளையாடுகின்றன. எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நல்ல சகுனம். பாசிக்கு அடியில் 'சப், சப்' என்று சத்தம் கேட்டால் அவை பாசியிலிருக்கும் பூச்சிகளை உறிஞ்சுகின்றன என்று அர்த்தம். சாப்பாடு இருக்கும் இடத்தில் பாஸ் பதுங்கியிருக்கும். இடத்தை மாற்றாதீர்கள். கொத்தல் சட்டென்று நின்று அமைதியானால் ராடை இறுகப் பிடியுங்கள்.

பின்னால் வருகிறது, பார்க்கிறது, திரும்பிவிடுகிறது

லூருக்குப் பின்னால் தண்ணீர் ஒரு கோடாக உப்பி வருவது தெரியும். அப்புறம் ஒரு சுழிப்பு. போச்சு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறம், அளவு, வேகம் மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. முதலில் நிறுத்தும் நேரம். லூர் விழுந்த இடத்திலிருந்து வளையங்கள் விரிந்து அடங்கும்வரை தொடாதீர்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர் நிற்கும் காலையில் இந்தக் காத்திருப்பு ஒன்றே போதும். ஒருமுறை அல்லி இலை ஓரத்தில் தவளையை இறக்கி வைத்துவிட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையின் காம்பு மெல்ல விலகியது. அப்புறம் அதற்கடுத்த இலை. லூர் அசையவே இல்லை. தண்ணீர் ஓட்டத்தில் ரப்பர் கால் மட்டும் லேசாக விரிந்தது. இலையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு நான் பிடித்த ஒரே மீன் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தபோது வந்தது.

அடுத்தது சத்தம். தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது பாப்பரை 'பளக் பளக்' என்று துப்ப வைப்பது மீனை விரட்டும். நுனியை ஒரு அங்குலம் அசைத்தால் போதும். காற்றில் சிற்றலை ஓடும்போது அதே லூரை உரக்கப் பேச விடுங்கள். அதற்கப்புறம் அளவு. நிறம் கடைசி. மீன் கீழிருந்து வானத்துக்கு எதிராகத்தான் லூரைப் பார்க்கிறது. வெளிச்சம் குறைந்தால் கறுப்பு, தெளிந்த தண்ணீரில் பகலில் வெள்ளை வயிறு, இவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதும். முதுகில் தீட்டியிருக்கும் சித்திர வேலை வாங்குகிற நமக்கு.

வீச்சுக்கு வீச்சு பாசிதான் வருகிறது

லூரைத் தப்பான இடத்தில் போடுகிறீர்கள். முள் தொங்கும் லூர்கள் திறந்த தண்ணீருக்கு, பாசியின் ஓரத்துக்கு, நடுவிலிருக்கும் பெரிய இடைவெளிகளுக்கு. மெத்தை மேல் தவளையைத் தவிர வேறெதுவும் ஓடாது. அல்லி இலைகளுக்கும், நாணல், சம்பு மாதிரி செங்குத்தாக நிற்பவற்றுக்கும் நடுவே பஸ்பெய்ட் (சுழலும் இறக்கை வைத்த லூர்) போகும். மேலே பரவிக் கிடக்கும் பாசியில் அதன் இறக்கையில் நார் சுற்றி நின்றுவிடும்.

ஓரத்தில் போடும்போது பாசிக்குக் குறுக்கே வீசாமல் அதன் விளிம்பை ஒட்டி இணையாக வீசுங்கள். பாசியும் குறையும், லூர் மீன் இருக்கும் கோட்டிலேயே முழு தூரமும் வரும். முந்தின நாள் காற்றடித்திருந்தால் அறுந்த பாசித் துணுக்குகள் ஒரு கரையில் ஒதுங்கியிருக்கும். அன்று எதிர்க்கரைக்குப் போங்கள், சண்டை போடாதீர்கள்.

லூர் நடக்கவில்லை, நேராக வருகிறது

ஸ்பூக் வகை லூர் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பி வர வேண்டும். அதை இழுத்தால் நேராகத்தான் வரும். தட்ட வேண்டும். தட்டிய உடனே ராட் நுனியை லூர்ப் பக்கம் திருப்பிக் கொடுத்து நரம்பைத் தொய்ய விட வேண்டும்; அந்தத் தொய்வில்தான் லூர் பக்கவாட்டில் வழுக்கும். ரீல் சுற்றுவது மிஞ்சும் தொய்வை எடுப்பதற்கு மட்டும். நுனி தண்ணீரைப் பார்த்துத் தாழ்ந்திருக்கட்டும். மூன்று மீட்டர் தூரத்தில் லூரைப் போட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டே பழகுங்கள். நாற்பது மீட்டரில் பழக முடியாது.

கை சரியாக இருந்தும் நடக்கவில்லையா, முடிச்சைப் பாருங்கள். வளையம் இல்லாத லூரில் முடிச்சை இறுக்கிக் கட்டினால் மூக்கு திரும்பாது. சின்ன ஸ்னாப் (கொக்கி வளையம்) போடுங்கள், அல்லது கண்ணி முடிச்சு. நரம்பு ஃபுளோரோகார்பன் வகையா? அதன் அடர்த்தி தண்ணீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு. மூழ்கி, லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு, மிதக்கும், ஆனால் மென்மையானது, தொய்ய விட்டால் முன்முள்ளைச் சுற்றிக்கொள்ளும். பிரெய்டின் முனையில் இரண்டடி மோனோ (ஒற்றையிழை நைலான்) நரம்பு கட்டினால் அந்தத் தொல்லை தீரும்.

என்ன செய்தும் மணிக்கட்டுக்குத் தாளம் வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், ஜிட்டர்பக் லூர் போடுங்கள். முன்னால் இருக்கும் குழிந்த உலோகத் தகடு தானாகவே அதை ஆட்டும்; ஒரே சீராகச் சுற்றினால் போதும். இருட்டிய பிறகு எனக்கு அதுதான் பிடிக்கும்.

தவளை மூழ்குகிறது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்கிறது

உள்ளே தண்ணீர். முள்ளின் தண்டு உடலுக்குள் நுழையும் இடம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அது எல்லாத் தவளைக்கும் உண்டு. நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள். பிழிந்த இரண்டாவது வீச்சிலேயே மூழ்கினால் எங்கோ கிழிசல். தண்ணீருக்கடியில் அமுக்கிப் பிடித்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். காய வைத்து, மென்பிளாஸ்டிக்குக்கான பசை ஒரு துளி. சாய்வது என்றால் முள் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முள்ளைத் திருகி நேராக்குங்கள்.

மாட்டியது, பாசிக்குள் புகுந்து போய்விட்டது

இங்கே ஒரு நொடித் தொய்வுகூடக் கூடாது. முள் ஏறியதும் மீனின் தலையை மேலே திருப்பி, திருப்பிய வேகத்தில் மெத்தை மேலேயே வழுக்கி வரச் செய்ய வேண்டும். ரசித்து விளையாடுவதெல்லாம் திறந்த தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஏழு முதல் ஏழரை அடி விறைப்பு ராடு, 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு, டிராக் (நரம்பு வெளியே ஓடாமல் தடுக்கும் ரீல் பிரேக்) முழுக்க இறுக்கம். மோனோ இழுபடும், முப்பது மீட்டர் தள்ளி மாட்டிய மீனுக்கு நீங்கள் இழுத்த இழுப்பில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும்.

டிராக்கை முழுக்க இறுக்கியும் நரம்பு வழுக்கிக்கொண்டே போகிறதா? இது நான் ஒரு கோடை முழுக்கக் கண்டுபிடிக்காமல் தவித்த கோளாறு. ரீலைக் கழற்றி மாட்டினேன், டிராக் வட்டுகளைத் துடைத்தேன், கடைசியில் ரீலைக் குறை சொல்லிப் புதிது வாங்கப் போனேன். கோளாறு டிராக்கில் இல்லை. ரீலில் நரம்பைச் சுற்றும் ஸ்பூல் வழுவழுப்பானது, அதில் பிரெய்டை நேராகக் கட்டியிருந்தேன். கனம் வந்ததும் நரம்பு மொத்தமும் ஒரு உருளை மாதிரி ஸ்பூலைச் சுற்றி வழுக்கியது. அடியில் சில சுற்று மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு கட்டினேன். தீர்ந்தது. சோதிக்க வழி: கைப்பிடியை அசையாமல் பிடித்து நரம்பை இழுங்கள். ஸ்பூல் நிற்க, நரம்பு மட்டும் சுழன்றால் இதுதான்.

மீன் புதைந்தே விட்டதா? பதறி இழுக்காதீர்கள், முள் வாயிலிருந்து பாசிக்கு மாறும். நரம்பை விறைப்பாக வைத்துக்கொண்டே படகைப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு கையால் நரம்பைப் பின்தொடர்ந்து பாசியை விலக்கிக்கொண்டே போனால் கீழுதடு கைக்குக் கிடைக்கும். இருட்டில் வழிகாணாமல் அது அப்படியே சும்மா கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூக்கும்போது பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்க விடாமல் வயிற்றுக்கும் ஒரு கை கொடுங்கள்.

நரம்பு சுத்தமாக அறுந்து வருகிறது

கத்தியால் வெட்டியது போல இருந்தால் பைக் என்ற கூர்ப்பல் மீனின் வேலை. அது இருக்கும் ஏரி என்றால் லூருக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி (லீடர்) போடுங்கள். நுனி சுருண்டு பன்றிவால் மாதிரி வந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. பலோமார் முடிச்சு போடுங்கள், எச்சில் தொட்டு இறுக்குங்கள்.

காலையிலிருந்து ஒரு அடிகூட இல்லை

தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் மேலே ஏறி வந்து அடிக்க மீனுக்கு அவ்வளவாக மனசிருக்காது. அதற்கு மேல் இருந்தும் இல்லை என்றால் இடத்தையும் நேரத்தையும் சந்தேகியுங்கள்.

விடியற்காலைதான் டாப்வாட்டர் நேரம் என்று எல்லோரும் சொல்வார்கள். திறந்த ஓரங்களுக்கு அது சரி. அடர்ந்த பாசிக்குள் சரியில்லை. இரவு முழுக்கச் செடிகள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், வெளிவிடாது. விடியும்போது அடர்ந்த பாசிக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். வெயில் ஏறினால் செடி மறுபடி ஆக்சிஜன் விடத் தொடங்கும், மீனும் நிழல் தேடி உள்ளே வரும். அதனால் நான் விடிகாலையில் ஓரங்களில் பாப்பர் போடுவேன், பத்து மணிக்கு மேல் மெத்தைக்குத் தவளையோடு போவேன். மற்றவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் அது.

எந்த மெத்தை? பச்சையாக இருப்பது. பழுப்பாகி அழுகும் பாசி ஆக்சிஜனைத் தின்கிறது. பச்சையிலும் இரண்டு வகைச் செடிகள் சந்திக்கும் இடம், மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முனை, ஏற்கெனவே மீன் அடித்துக் கிழித்த ஓட்டைகள். ஓட்டை கண்ணில் பட்டால் அதைத் தாண்டி இரண்டு மீட்டர் அப்பால் வீசி, மேலே நடத்திக் கொண்டுவந்து ஓட்டையில் நிறுத்துங்கள். ஓட்டைக்குள்ளேயே வீசினால் லூர் விழும் சத்தத்துக்கே மீன் ஓடும்.

முந்தின இரவு குளிர்காற்று வந்து, இன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக, வெயில் சுள்ளென்று இருந்தால் மீன் பாசியின் அடிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். மேலே என்ன ஆட்டம் காட்டினாலும் வராது. அன்று தவளையைக் கழற்றிவிட்டு, பாசியைக் கிழித்துக்கொண்டு இறங்கும் கனமான ஈயம் கட்டிய மென்பிளாஸ்டிக்கை அதே ஓட்டைகளில் நேர் கீழே விடுங்கள். ராடும் நரம்பும் அதேதான், மாற்ற வேண்டியதில்லை.